பேர் சொல்லிக் கேட்டா வீடு காட்டுவாங்க!

திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தால் 411. ஒரே ஒரு புள்ளி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அந்தச் சாம்பல் புள்ளிக்கு நேராக ‘ஜமுனாமரத்தூர்’ என்று எழுதியிருந்தது. கடைசியாகப் பேசிய நாள், 2023 ஆகஸ்ட் 10. அன்றைக்குத் தேதி செப்டம்பர் 26.

“ஒண்ணுதானே சார், விடுங்க. 411 வந்தாச்சே!” என்றார் மேலாளர். அவர் சொன்னதில் தப்பில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மார்க் வாங்கிய பிள்ளையை யார் திட்டுவார்கள்?

ஆனால், அந்த ஒன்றை விட அவருக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு இதேபோல ஒரு வேலையில் அவர் விட்டதும் ஜமுனாமரத்தூரைத்தான்.

திருவண்ணாமலையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். விசிட்டிங் கார்டில் ‘சிஸ்டம் அட்மின்’ என்று இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘கம்ப்யூட்டர் சார்’. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், மேலாளர் வீட்டு டி.வி-யில் யூடியூப் வரவில்லை என்றாலும் அவர்தான். இவற்றுக்கெல்லாம் நடுவே, யார் கண்ணிலும் படாத ஒரு வேலையும் அவரிடம் இருந்தது. நிறுவனத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் வைரஸ் வராமல் காவல் காப்பது.

வாட்ச்மேன்களும் ஒரு ஸ்டேஷனும்

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் இருந்தால் ஒரு ஆன்டிவைரஸ் போட்டுவிட்டு மறந்துவிடலாம். நானூறு கம்ப்யூட்டர்கள், அதுவும் மலையிலும் சமவெளியிலுமாகச் சிதறிக் கிடந்தால் அப்படி விட முடியாது. எதில் ஆன்டிவைரஸ் ஓடுகிறது, எதில் யாரோ நிறுத்திவிட்டார்கள், எதில் வைரஸ் பிடிபட்டது என்று ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெயர்தான் ‘என்ட்பாயின்ட் செக்யூரிட்டி மேனேஜ்மென்ட்’. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். விஷயம் எளிது.

ஒவ்வொரு கம்ப்யூட்டர் வாசலிலும் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கெல்லாம் தலைமை அலுவலகத்தில் ஒரு ஸ்டேஷன். அதுதான் சர்வர். வாட்ச்மேன்கள் ஒரு நாளில் பலமுறை ஸ்டேஷனைக் கூப்பிட்டு, ‘புதுசா ஏதாவது திருடன் போட்டோ வந்திருக்கா?’ என்று கேட்பார்கள். ஸ்டேஷன் அனுப்பும். ‘என் வாசல்ல இன்னிக்கு இவன் வந்தான், பிடிச்சுட்டேன்’ என்று இவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஸ்டேஷன் குறித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வாட்ச்மேனுக்கு ஸ்டேஷனின் முகவரி தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, வருகிற உத்தரவில் ஸ்டேஷனின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால், ‘நீ யாரோ, எவரோ’ என்று வாட்ச்மேன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அப்படி இருப்பதுதான் நல்லதும்கூட. இல்லாவிட்டால், ‘நான்தான் ஸ்டேஷன் பேசறேன், காவலை விட்டுட்டு வீட்டுக்குப் போ’ என்று எந்தத் திருடன் வேண்டுமானாலும் சொல்லிவிடுவானே? கம்ப்யூட்டர் பாஷையில் இந்த முத்திரைக்கு ‘சர்டிஃபிகேட்’ என்று பெயர்.

சரி, அந்த ஸ்டேஷனையே ஒருநாள் வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டி வந்தால்?

வரத்தான் செய்யும். சர்வர்களுக்கும் வயதாகும். அவர் வைத்திருந்த சர்வர், ‘விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2’வில் ஓடிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபர் 10-க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தர மாட்டோம், வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. எல்லோரையும் காக்கிற ஸ்டேஷனுக்கே கதவு உளுத்துப்போனால் எப்படி? போதாக்குறைக்கு, அலுவலகத்தின் பழைய இன்டர்நெட் இணைப்பும் செப்டம்பர் 30-ம் தேதியோடு முடிகிறது. அந்த இணைப்போடு வந்த எண்தான் பழைய சர்வரின் முகவரி. இணைப்பு போனால் எண்ணும் போகும்.

அவசரத்தில் செய்த தப்பு

2014-ல் அவருக்கு இவ்வளவு நிதானம் இல்லை. அப்போது இருந்தது ‘விண்டோஸ் சர்வர் 2003’. அதன் ஆயுள் 2015 ஜூலையோடு முடிகிறது என்று தெரிந்ததும், வெள்ளம் வருமுன் அணை போடுவோம் என்று ஒரு சனிக்கிழமை இரவு தனியாளாக உட்கார்ந்தார். புது சர்வரில் ஆன்டிவைரஸ் நிர்வாக மென்பொருளைப் போட்டார். பழைய சர்வரிலிருந்து ஃபைல்களை எடுத்துவைத்தார். அதிகாலை மூன்று மணிக்கு, வேறு வேலைக்கு உதவுமே என்று பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து ஃபார்மட்டும் செய்துவிட்டார். ‘ஒரே ராத்திரியில முடிச்சாச்சு’ என்ற பெருமையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை புது சர்வரின் திரையைத் திறந்தார். அதில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை.

எல்லா ஃபைல்களையும் எடுத்தவர், முத்திரையை எடுக்க மறந்துவிட்டார். புது சர்வர் கூப்பிட்டால், ‘நீ யார்?’ என்று கேட்டன கம்ப்யூட்டர்கள். பழைய சர்வரைக் கேட்கலாம் என்றால் அது உயிரோடு இல்லை. ‘இனிமேல் நான் இந்த முகவரியில் இருப்பேன்’ என்று சொல்ல வேண்டியவரையே முதல் ஆளாக அனுப்பிவைத்துவிட்டார்.

வேறு வழியில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், பழைய ஆன்டிவைரஸை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பேக்கில் ஒரு பென் டிரைவும் தண்ணீர் பாட்டிலுமாக பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். செங்கம், போளூர், ஆரணி என்று கீழே இருந்த ஊர்களை முடிக்கவே ஆறு வாரங்கள் ஆயின. ‘மலையில ஒரே ஒரு கம்ப்யூட்டர்தானே, கடைசியில பார்த்துக்கலாம்’ என்று ஜமுனாமரத்தூரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஏழாவது வாரம் போளூரில் பஸ் மாறி மலை ஏறினார். ஜவ்வாதுமலையில் அதுதான் அவருக்கு முதல் பயணம். நிறுவனத்தின் கிளை வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. பதிவேட்டில் இருந்த கதவு எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தார். பஸ் நின்ற இடத்தில் இருந்த டீக்கடையில் தாளை நீட்டி, “இந்த நம்பர் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் தாளை வாங்கக்கூட இல்லை. “நம்பரெல்லாம் யாருக்கு சார் தெரியும்? பேரச் சொல்லு. பேர் சொல்லிக் கேட்டா வீடு காட்டுவாங்க.”

பொறுப்பாளர் அம்மாவின் பெயரைச் சொன்னார். “அட, தையல் சொல்லித்தர பொண்ணா? அதுங்க இடம் மாறிடுச்சே” என்று ஒரு சிறுவனைக் கூடவே அனுப்பிவைத்தார் பெரியவர். இரண்டே நிமிடத்தில் வாசலில் நின்றார்கள்.

ஆனால், அவர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் முடிந்திருந்தது. யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போயிருந்தன. புதுத் திருடனின் போட்டோ ஏழு வாரங்களாக வாட்ச்மேனுக்கு வரவில்லையே, அவர் எப்படிப் பிடிப்பார்? ‘கம்ப்யூட்டர் தெரிந்த’ பையன் ஒருவன், உதவி செய்வதாக நினைத்து மொத்தத்தையும் ஃபார்மட் செய்துவிட்டான். மகளிர் குழுக்களின் பதினான்கு மாதச் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் அதோடு போயின.

அந்த அம்மா கத்தவில்லை. புகார் எழுதவும் இல்லை. உறுப்பினர்கள் கையில் இருந்த பாஸ் புத்தகங்களை வாங்கிப் பார்த்துத் திரும்ப எழுதலாம் என்று சொன்னார். அதற்கு ஒவ்வொரு மலைக் கிராமமாகப் போக வேண்டும். பஸ் போகாத ஊர்களுக்கு நடந்துதான் போக வேண்டும். மூன்று மாதங்கள் அப்படி நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளையும் விடவில்லை.

“மனுசனுக்கே ஜொரம் வருது, மெஷினுக்கு வராதா சார்?” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

தவறு மெஷினுடையது இல்லை, தன்னுடையது என்று அவரிடம் அன்றைக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் சாருக்கு வாய் வரவில்லை.

ஒன்பது வருடம் கழித்து

2023-ல் சர்வர் மாற்ற வேண்டும் என்றதும், அவர் முதலில் திறந்தது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினார். முதல் வரி, ‘முத்திரை’. சர்டிஃபிகேட்டையும் அதன் ரகசியச் சாவியையும் டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்து, இரண்டு தனித்தனி இடங்களில் பத்திரப்படுத்தினார். பிறகு அதே பதிப்பு மென்பொருளைப் புது சர்வரில் போட்டு, முத்திரையை அதில் ஏற்றினார். இப்போது புது ஸ்டேஷன் பேசினால் வாட்ச்மேன்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இரண்டாவது வரி, ‘பெயர்’. 2014-ல் அவர் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சர்வரின் எண்ணைக் கொடுத்திருந்தார். இந்த முறை எண்ணே கொடுக்கவில்லை. சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைத்தான் கொடுத்தார். பெயரைக் கேட்டால் எண்ணைக் காட்டிவிடும் வேலையை இன்டர்நெட்டில் ‘டிஎன்எஸ்’ என்ற ஏற்பாடு செய்கிறது. அடுத்த முறை சர்வர் மாறினாலும், இன்டர்நெட் இணைப்பு மாறினாலும், அந்த ஏற்பாட்டில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். நானூறு கம்ப்யூட்டர்களுக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைப் பெரியவருக்கு டிஎன்எஸ் தெரியாது. ஆனால், அது செய்கிற வேலை என்ன என்பதை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது வரி, ‘முதலில் பத்து’. ஆகஸ்ட் 21-ம் தேதி, தன் அலுவலகத்திலேயே இருந்த பத்துக் கம்ப்யூட்டர்களை மட்டும் புது சர்வருக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தார். உதவியாளர் தம்பிக்குப் பொறுமை இல்லை. “அண்ணா, ஒரே கிளிக்தானே? எல்லாத்தையும் மாத்திடலாமே?” என்றான். ஒரே கிளிக்கில் எல்லாம் நடக்கும் என்பதுதானே பயமே!

அந்தப் பயம் வீண் இல்லை என்று உலகத்துக்கே புரியவைத்த நாள், அடுத்த ஆண்டு வந்தது. 2024 ஜூலை 19-ம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோனதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் ரத்தாயின. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருடன் யாரும் வரவில்லை. வாட்ச்மேனே வாசலில் தடுக்கி விழுந்ததுதான் காரணம். ‘முதல்ல பத்து’ என்று அண்ணன் சொன்னது ஏன் என்று தம்பிக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஐம்பது. பிறகு எல்லாவற்றுக்கும் என்று, பழைய சர்வரின் வாயாலேயே புது முகவரியைச் சொல்லவைத்தார். ஆன் ஆகியிருந்த கம்ப்யூட்டர்கள் அன்றே வந்துசேர்ந்தன. அணைத்துவைத்திருந்தவை, ஆன் செய்தபோது வந்தன. செப்டம்பர் நடுவில் ஏழு மட்டும் பாக்கி. பிரசவ விடுப்பில் இருந்தவரின் லேப்டாப் ஒன்று, அவர் அம்மா வீட்டு அலமாரியில் இருந்து வந்தது. இரண்டு, பட்டியலில் மட்டும் இருந்தன. எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டதைக் குறிக்க மறந்திருந்தார்கள். மற்றவையும் ஒவ்வொன்றாக வந்துசேர, மிஞ்சியது ஜமுனாமரத்தூர்.

இந்தக் காத்திருப்புதான் சர்வர் மாற்றுவதில் பெரிய வேலை. மென்பொருளைப் போட ஒரு பகல் போதும். கடைசிக் கம்ப்யூட்டர் வந்துசேரும்வரை பழையதை அணைக்காமல் வைத்திருப்பதற்குத்தான் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மொபைல் நம்பர் மாற்றியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பேங்க், ஆதார், கேஸ், இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் புது நம்பர் ஏறும்முன் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓடிபி எங்கே போகிறது என்று தெரியாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர்!

ஒரே ஒரு கம்ப்யூட்டர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் உலகம் பார்த்த உதாரணம் உண்டு. 2017 மே 12-ம் தேதி ‘வானாக்ரை’ என்ற வைரஸ் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ம் தேதியே மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாமல் விட்டுப்போன கம்ப்யூட்டர்களில்தான் அது நுழைந்தது. நுழைந்தபின், அதே நெட்வொர்க்கில் அதேபோல விட்டுப்போன அடுத்த கம்ப்யூட்டரைத் தேடித் தானாகவே பரவியது.

புளியமரத்தடியில் இருபது நிமிடம்

அந்த அம்மாவின் போனுக்கு மூன்று நாள்களாகக் கூப்பிட்டும் தொடர்பு கிடைக்கவில்லை. செப்டம்பர் 27, புதன்கிழமை காலையில் அவரே கிளம்பிவிட்டார். போளூரில் பஸ் மாறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்தார்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஆலங்காயம் போகிற வழியில் காவலூர் இருக்கிறது. 1986-ல் திறக்கப்பட்ட, 2.34 மீட்டர் விட்டக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதில் தெரிகிற நட்சத்திரத்தின் வெளிச்சம் எப்போதோ கிளம்பியது. இன்றைக்கு அந்த நட்சத்திரம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. சர்வர் திரையும் அப்படித்தான். ‘கடைசியாகப் பேசிய நாள்: ஆகஸ்ட் 10’ என்று மட்டும் காட்டும். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மலையில் சாமை கதிர் பிடித்திருந்தது. இந்த முறை அவர் கையில் துண்டுத்தாள் இல்லை. நேராகப் போய் வாசலில் நின்றார்.

“அடடே, கம்ப்யூட்டர் சாரா!” என்று வந்த அம்மாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. லேப்டாப், பீரோவுக்குள் ஒரு பழைய சேலையில் சுற்றிக் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இதுல நெட்டே போடறதில்லையா?”

“டாங்கிள் ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு சார். ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். இன்னும் கையெழுத்து ஆகலையாம். ஆகஸ்ட் கணக்க போட்டோ எடுத்து, கீழ போறவங்க போன்ல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பினேனே.”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மலையில் காரணம் தேடி வந்தால், அது தலைமை அலுவலகத்து மேஜையில் ஒரு ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

கரன்ட் இல்லை. லேப்டாப்பில் இருபது நிமிடத்துக்குத்தான் சார்ஜ் இருந்தது. “சிக்னல் வேணும்னா புளியமரத்தடிக்கு வாங்க சார்” என்று அந்த அம்மா முன்னால் நடந்தார். திண்டில் லேப்டாப்பை வைத்து, தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தார். உள்ளே இருந்த வாட்ச்மேன் எழுந்து, தனக்குத் தெரிந்த பழைய எண்ணைக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். பதில் இல்லை.

அவருக்கு வியர்த்துவிட்டது. தம்பிக்குப் போன் போட்டார்.

“அண்ணா… அது வந்து… சர்வர் ரூம்ல ஏசி வேலை நடக்குது. ‘ஒண்ணுதானே பாக்கி, பழசை நிறுத்திடு’ன்னு மேலாளர் சொன்னார். காலையில நிறுத்திட்டேன்.”

“நிறுத்தினது சரி. அழிச்சுட்டியா?”

அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. 2014-ன் சனிக்கிழமை இரவு மொத்தமும் அந்த ஒரு விநாடிக்குள் வந்து போனது.

“இல்லண்ணா. ‘எல்லாரும் வந்து சேரும் வரை அழிக்காதே’ன்னு நீங்க சீட்டு எழுதி ஒட்டியிருந்தீங்களே, அதனால தொடல.”

“இப்பவே ஆன் பண்ணு, தம்பி.”

பழைய சர்வர் எழுந்திருக்கப் பத்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, பேட்டரி அளவையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பதினொன்று, பத்து, ஒன்பது என்று அது இறங்கியது. அந்த அம்மாவும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமலே கூடவே காத்திருந்தார்.

ஆறு சதவிகிதத்தில் பதில் வந்தது. பழைய ஸ்டேஷன் புது ஸ்டேஷனின் பெயரைச் சொன்னது. வாட்ச்மேன் அந்தப் பெயரை விசாரித்துப் போனான், முத்திரையைப் பார்த்தான், நம்பினான்.

“அண்ணா, பச்சை! 412!” என்று போனில் கத்தினான் தம்பி.

மதியம் கரன்ட் வந்ததும் மிச்ச வேலை நடந்தது. புது விவரங்கள் இறங்கி ஸ்கேன் ஓடியபோது, ஒரு ஃபோல்டரில் வைரஸ் ஒன்று பிடிபட்டது. ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துத் திரும்பிவந்த பென் டிரைவிலிருந்து ஏறியிருக்க வேண்டும். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு அதே பென் டிரைவில்தான் கணக்கைக் கொண்டுவருவதாக இருந்தார் அந்த அம்மா. பென் டிரைவையும் வாங்கிச் சுத்தம் செய்தார். இனி சர்வரைத் தொட முடியாத நாள்களில், நெட் கிடைத்தால் நேரடியாக ஆன்டிவைரஸ் நிறுவனத்திடமிருந்தே புது விவரங்களை வாங்கிக்கொள்ளும்படியும் மாற்றிவைத்தார். செலவு மிச்சம் என்று அவர்தான் முன்பு அதை நிறுத்தியிருந்தார்.

கிளம்பும்போதுதான் அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். அலமாரியில் வரிசையாக, அட்டை போட்டு, வருடம் எழுதி வைத்திருந்தார் அந்த அம்மா. 2014-லிருந்து ஒவ்வொரு கணக்கையும் கம்ப்யூட்டரில் ஒருமுறை, நோட்டில் ஒருமுறை என்று இரண்டு தடவை எழுதிவந்திருக்கிறார்.

“உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல சார். மெஷின் மேலதான்” என்று சங்கடத்தோடு சிரித்தார்.

ஒன்பது வருடங்களாகத் தொண்டையில் நின்றதை அவர் அன்றைக்குச் சொன்னார். “அன்னிக்குத் தப்பு மெஷினோடது இல்லம்மா. நான் அவசரப்பட்டு அழிச்சதுதான். உங்களை மூணு மாசம் நடக்க வெச்சது நான்தான்.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி சார், சாப்ட்டுப் போங்க. சாமைச் சோறுதான்” என்றார்.

சாப்பிடும்போது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நோட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டாம். நானூறு கம்ப்யூட்டருக்கும் பேக்கப் வேண்டும் என்று அவர் வருடா வருடம் மேலாளரிடம் மன்றாடுகிறார். இங்கே, யாரும் சொல்லாமலே ஒருவர் ஒன்பது வருடங்களாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 30, சனிக்கிழமை மாலை. இன்டர்நெட் இணைப்பு முடிகிற நாள். பழைய சர்வரின் முன்னால் நின்று, நிறுத்துவதற்கு முன் ஜமுனாமரத்தூருக்குப் போன் போட்டார். இந்த முறை உடனே கிடைத்தது. டாங்கிள் ரீசார்ஜ் ஃபைலில் வியாழக்கிழமைக்கு முன்பே கையெழுத்து ஆகியிருந்தது. கையோடு வாங்கித் தந்தவர் அவர்தான்.

“பழைய சர்வரை நிறுத்தப் போறேம்மா. நிறுத்தட்டுமா?”

“நம்ம மெஷின் புது வீட்டுக்குப் போயிடுச்சா சார்?”

“போயிடுச்சு.”

“அப்ப நிறுத்துங்க. அடுத்த வாட்டி எங்க மாத்தினாலும் மாத்துங்க, பேர மட்டும் மாத்திடாதீங்க சார்!”